தாடை நீர்க்கட்டிகளிலும் கட்டிகளிலும் கி-67 எண்ணுவது எப்படி: பிளாக் எடுப்பதிலிருந்து அறிக்கை எழுதுவது வரை

வாய் நோய்க்குறியியல் முதுகலை மாணவர்களில் யாராவது ஒருவர் ஆண்டுதோறும் இந்தத் தலைப்பை தீசிஸுக்கு எடுத்துக்கொண்டு வருவார். கி-67 என்பது பெருகும் செல்களின் உட்கருவில் இருக்கும் ஒரு புரதம், தாடைக் கட்டியின் மூர்க்கத்தோடு அதற்குத் தொடர்பு உண்டா என்று பார்க்க அதை எண்ணுவார்கள். ஆன்டிபாடி வந்துவிட்டது, நாற்பது பிளாக் (பாரஃபின் மெழுகில் பதித்த திசுத்துண்டு) தேடி எடுத்தாயிற்று, ஸ்டெயினும் போட்டாயிற்று, "எப்படி எண்ணணும்னு மட்டும் சொல்லுங்க சார்" என்பார். அந்தக் கேள்வி முதல் நாளே வந்திருக்க வேண்டியது. எங்கே எண்ணப் போகிறோம் என்று முடிவு செய்யாமல் ஸ்டெயின் போட்டவர்களில் பலர் பிளாக்கை மறுபடியும் வெட்டியிருக்கிறார்கள். கீழே உள்ள வரிசை அப்படித் தடுக்கிய இடங்களைப் பார்த்து அமைந்தது.

1. கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"தாடைக் கட்டிகளில் கி-67" என்பது தலைப்புதான், கேள்வி அல்ல. "ஓடோன்டோஜெனிக் கெரட்டோசிஸ்ட்டின் உள்வரி எபிதீலியம், டென்டிஜெரஸ் சிஸ்ட்டின் எபிதீலியத்தைவிட அதிகம் பெருகுகிறதா?" என்பது கேள்வி. (இரண்டும் பல் உருவாகும் திசுவிலிருந்து வரும் தாடை நீர்க்கட்டிகள், எபிதீலியம் அவற்றின் உள்பக்கத்தை மூடும் செல் அடுக்கு.) "யூனிசிஸ்டிக் அமெலோபிளாஸ்டோமாவில் சுவருக்குள் இறங்கிய தீவுகளும் உள்வரியும் ஒரே அளவில் பெருகுகின்றனவா?" என்பதும் கேள்விதான். (அமெலோபிளாஸ்டோமா பல் உருவாகும் திசுவிலிருந்து வரும் கட்டி, யூனிசிஸ்டிக் என்பது அதன் ஒற்றை நீர்க்கட்டி வடிவ வகை.) முதல் கேள்விக்கு உள்வரியை எண்ணினால் போதும். இரண்டாவதற்கு ஒரே ஸ்லைடில் இரண்டு இடங்களைத் தனித்தனியாக எண்ண வேண்டும். எண்ணும் இடத்தைத் தீர்மானிப்பது கேள்விதான்.

அடுத்து, "மூர்க்கமான கட்டி" என்று எதைச் சொல்கிறீர்கள் என்பதையும் எழுதிவையுங்கள். மறுபடி வருவதா, எலும்பின் வெளித்தகட்டைத் துளைப்பதா, பல் வேரை அரிப்பதா, பக்கத்துத் திசுவுக்குள் ஊடுருவுவதா? செல் பெருக்கம் இவற்றோடு தொடர்புடையதாக இருக்கலாம், ஆனால் இவற்றில் எதுவும் அதுவே அல்ல. மறுபடி வருவதை அளவுகோலாக எடுத்தால் நோயாளியின் தொடர் பரிசோதனைப் பதிவு வேண்டும். கெரட்டோசிஸ்ட்டில் மறுவருகை பெரும்பாலும் முதல் ஐந்து ஆண்டுகளில் தெரிந்தாலும், பத்து ஆண்டு கழித்து வருவதும் உண்டு. ஓராண்டு மட்டும் பார்த்துவிட்டு "மறுபடி வரவில்லை" என்று ஒரு நோயாளியைப் பட்டியலில் சேர்த்தால் அந்தப் பட்டியலை நம்ப முடியாது.

2. மார்க்கரை (பெருக்கத்தைக் காட்டும் அடையாளத்தை) தேர்ந்தெடுப்பது

கி-67 புரதம் செல் சுழற்சியின் ஜி1, எஸ், ஜி2, எம் நிலைகளில் உட்கருவில் இருக்கும், ஓய்வு நிலையான ஜி0-வில் இருக்காது. அதனால்தான் சுழற்சிக்குள் இருக்கும் செல்லையும் ஓய்வெடுக்கும் செல்லையும் பிரித்துக் காட்ட முடிகிறது. ஃபார்மலினில் வைத்து பாரஃபினில் பதித்த திசுவுக்கு எம்ஐபி-1 என்ற குளோன் (கி-67 ஆன்டிபாடியின் ஒரு வகை) நன்றாக வேலை செய்யும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

பிசிஎன்ஏ என்ற இன்னொரு மார்க்கர் பழைய ஆய்வுகளில் நிறைய வரும். டிஎன்ஏ பழுதுபார்க்கும் வேலையிலும் இந்தப் புரதத்துக்குப் பங்குண்டு. பிரிதல் முடிந்த பிறகும் செல்லில் கொஞ்ச நேரம் தங்கும். எனவே எண்ணிக்கை கூடுதலாகத் தெரியும், ஃபார்மலினில் கிடந்த நேரத்தைப் பொறுத்தும் மாறும். எம்சிஎம்-2 என்ற மார்க்கர், டிஎன்ஏ நகலெடுக்க அனுமதி பெற்றுக் காத்திருக்கும் செல்களையும் காட்டும். அதன் எண் பொதுவாக கி-67-ஐவிட உயர்ந்தே இருக்கும். இது பிழை அல்ல. ஒரு மார்க்கரின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு நேராக ஒப்பிடுவதுதான் பிழை.

இம்யூனோ (ஆன்டிபாடி கொண்டு ஸ்டெயின் போடும்) வசதி இல்லாத இடத்தில் வெள்ளி நைட்ரேட் கொண்டு செய்யும் ஏஜிநார் மலிவான வழி. இங்கே விழுக்காடு கிடையாது, ஓர் உட்கருவுக்குள் எத்தனை கறுப்புப் புள்ளிகள் என்பதுதான் கணக்கு. வெட்டின் தடிமன் கொஞ்சம் மாறினாலும் புள்ளிகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து கணக்கு கெடும்.

பி53-ஐப் பெருக்க மார்க்கர் என்று எழுதாதீர்கள். அது செல் சுழற்சியைக் கட்டுப்படுத்தும் புரதம். இரண்டையும் சேர்த்துச் செய்யலாம், ஆனால் ஒரே தலைப்பின் கீழ் அடைக்கக்கூடாது. வாய்மொழித் தேர்வில் இதில் மாட்டியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

3. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் முதலில். பழைய பிளாக்குகள்தானே என்று விடக்கூடாது.

ஆன்டிபாடியைக் கணக்குப் போட்டு வாங்குங்கள். ஒரு வெட்டுக்கு 100 முதல் 150 மைக்ரோலிட்டர் தேவைப்படும். 60 பிளாக் என்றால், கன்ட்ரோல் (ஒப்பீட்டு ஸ்லைடு), மறுபடி போட வேண்டியவை எல்லாம் சேர்த்து 80 ஸ்லைடு என்று வைத்துக்கொள்ளுங்கள். 150 வீதம் 12 மில்லிலிட்டர் ஆகிறது. பயன்படுத்தத் தயாராக வரும் குப்பியில் 6 மில்லிலிட்டர்தான் இருக்கிறது என்றால் இரண்டு குப்பிகளை ஒரே லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணில் வாங்குங்கள். பாதி ஆய்வு ஒரு லாட்டிலும் மீதி இன்னொரு லாட்டிலும் நடந்தால், வித்தியாசம் கட்டியால் வந்ததா குப்பியால் வந்ததா என்று பிறகு பிரிக்க முடியாது.

அப்புறம், பூச்சிட்ட அல்லது நேர்மின்னேற்ற ஸ்லைடுகள், டான்சில் பிளாக் ஒன்று (ஸ்டெயின் சரியாக ஏறியதா என்று பார்க்க), பிஹெச் மீட்டர், பிரஷர் குக்கர், ஈரப்பெட்டி, டைமர், ஸ்லைடில் திரவம் ஓடாமல் வட்டம் போடும் பேனா. இவற்றில் பலர் மறப்பது டான்சில் பிளாக்கை. மற்றவற்றை அவசரத்துக்குப் பக்கத்துத் துறையில் கடன் வாங்கலாம், நல்ல டான்சில் பிளாக் நினைத்த நேரத்தில் கிடைக்காது.

4. பழைய நோயறிதலை நம்பாமல் எச்-இ (ஹெமடாக்சிலின்-இயோசின்) ஸ்லைடை மறுபடி படியுங்கள்

உலக சுகாதார நிறுவனத்தின் 2005 வகைப்பாட்டில் கெரட்டோசிஸ்ட் "கெரட்டோசிஸ்டிக் ஓடோன்டோஜெனிக் டியூமர்" ஆனது. 2017-இல் மறுபடி நீர்க்கட்டிகளின் பக்கம் வந்தது. பதிவேட்டில் ஒரே நோய் இரண்டு பெயர்களில் இருக்கும். அதைவிடச் சிக்கல், ஆர்த்தோகெரட்டினைஸ்டு (மேற்பரப்புக் கெரட்டினில் உட்கரு இல்லாத) வகை பழைய பதிவுகளில் கெரட்டோசிஸ்ட்டோடு கலந்திருப்பது. அது வேறு நோய். அதில் பெருக்கமும் குறைவு, மறுபடி வருவதும் அரிது. இரண்டையும் ஒரே குழுவில் போட்டால் சராசரி தானாகக் கீழே இறங்கிவிடும்.

கெரட்டோசிஸ்ட் என்று ஏற்றுக்கொள்ள நான் பார்ப்பது: ஏறக்குறைய ஆறு முதல் எட்டு செல் தடிமனில் சீரான எபிதீலியம், அலையலையான பாராகெரட்டின் (உட்கரு மிச்சமிருக்கும் கெரட்டின்) மேற்பரப்பு, வேலிக்கம்பம்போல் வரிசையாக நிற்கும் கருத்த அடியடுக்கு, கீழே தட்டையான எல்லை. இவை தெரியாத பிளாக்கைச் சேர்க்காதீர்கள்.

அழற்சி உள்ள பகுதியைத் தனியாகக் குறியுங்கள். அழற்சி பட்ட இடத்தில் கெரட்டோசிஸ்ட்டின் உள்வரி தன் அடையாளத்தை இழந்து, தடித்து, சாதாரணச் செதிள் எபிதீலியம்போல் ஆகிவிடும். அழற்சியே பெருக்கத்தையும் தூண்டும். ரேடிகுலர் சிஸ்ட்டில் (பல்வேர் நுனியில் அழற்சியால் வரும் நீர்க்கட்டி) வளைவு வளைவாகப் பின்னிக்கொள்ளும் எபிதீலியத்தில் கி-67 கூடுதலாக வந்தால், சீழும் நச்சும் தூண்டிய எதிர்வினை அது, கட்டியின் மூர்க்கம் அல்ல. இந்த ஒரு விஷயத்தைக் கவனிக்காததால் "ரேடிகுலர் சிஸ்ட் கெரட்டோசிஸ்ட்டுக்கு இணையாக மூர்க்கமானது" என்ற முடிவுக்கு ஒரு மாணவர் வந்து நின்றார்.

அழுத்தம் குறைக்க முன்பே திறந்துவிட்ட நீர்க்கட்டிகளை விலக்குங்கள், அல்லது தனிக்குழுவாக வையுங்கள். வாய்க்குழியோடு இணைத்துச் சில மாதம் விட்டால் உள்வரியின் தன்மையே மாறுவதுண்டு.

5. டிகால்சிஃபிகேஷன் (எலும்பின் சுண்ணாம்பை நீக்குவது) வரலாறைக் கேளுங்கள்

தாடைத் திசுவுக்கே உரிய தொல்லை இது. மார்பகத்திலோ குடலிலோ வேலை செய்தவர்கள் எழுதிய நெறிமுறைகளில் இதைப் பற்றி அதிகம் இருக்காது.

எலும்பை மென்மையாக்க நைட்ரிக் அமிலத்திலோ ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலோ போட்ட திசுவில் கி-67 மங்கிவிடும், சில சமயம் முழுக்கப் போய்விடும். நான் வழிகாட்டிய ஒருவர் பன்னிரண்டு அமெலோபிளாஸ்டோமாக்களில் ஏழில் கி-67 இண்டெக்ஸ் (பழுப்பு ஏறிய செல்களின் விழுக்காடு) சுழியம் என்று கொண்டுவந்தார். ஏழும் தாடையைப் பிரித்தெடுத்த பெரிய அறுவைகள். மீதி ஐந்தும் சின்ன பயாப்சிகள். ஏழும் எலும்போடு சேர்ந்து அமிலத்தில் கிடந்தவை. கட்டி பெருகாமல் இருந்ததா, மார்க்கர் அழிந்துவிட்டதா என்று அந்த ஸ்லைடுகளை வைத்துச் சொல்லவே முடியாது. ஏழையும் தூக்கிப்போட்டோம்.

இனி வரும் மாதிரிகளுக்கு வழி எளிது. கிராஸிங் மேசையிலேயே (மாதிரியை அறுத்துப் பிரிக்கும் இடத்தில்) மென்திசுவை எலும்பிலிருந்து பிரித்துத் தனி காசெட்டில் போடுங்கள், அதற்கு அமிலம் தேவையில்லை. எலும்போடு ஒட்டிய பகுதி வேண்டுமென்றால் நடுநிலை பிஹெச்சில் ஈடிடிஏ (கால்சியத்தை மெதுவாக இழுத்தெடுக்கும் பொருள்). வாரக்கணக்கில் ஆகும், பரவாயில்லை. அவசரம் என்றால் ஃபார்மிக் அமிலம் நைட்ரிக்கைவிட மென்மையானது.

ஃபார்மலினும் முக்கியம். பத்து விழுக்காடு நடுநிலை பஃபர் ஃபார்மலின், திசுவைப்போல் குறைந்தது பத்து மடங்கு கொள்ளளவு. மூடிய நீர்க்கட்டியை அப்படியே போட்டால் உள்ளே ஃபார்மலின் போவதற்குள் உள்வரி கெட்டுவிடும். நமக்கு வேண்டியதோ அந்த உள்வரிதான். திறந்துவிட்டுப் போடுங்கள்.

6. பதிப்பதும் வெட்டுவதும்

நீர்க்கட்டியின் சுவரைத் தட்டையாகப் படுக்கவைத்துப் பதித்தால் வெட்டு எபிதீலியத்தின் வழியே சாய்வாகப் போகும். ஆறு அடுக்கு உள்வரி பதினைந்து அடுக்குபோலத் தெரியும், அடியடுக்கு எது மேலடுக்கு எது என்று தெரியாது. சுவரைப் பாய்போலச் சுருட்டி, விளிம்பு கீழே படும்படி நிறுத்திப் பதியுங்கள். பழைய பிளாக் தவறாகப் பதிந்திருந்தால் உருக்கித் திருப்பிப் பதிக்கலாம். பிளாக் பொறுப்பாளரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

வெட்டு 3 முதல் 4 மைக்ரான். தடித்தால் உட்கருக்கள் மேலே மேலே விழும். எச்-இ ஒன்று, கி-67 ஒன்று, கன்ட்ரோல் ஒன்று எல்லாம் அடுத்தடுத்த வெட்டுகளாக இருக்கட்டும். வெட்டிய ஸ்லைடுகளை மாதக்கணக்கில் பெட்டியில் வைக்காதீர்கள், ஆன்டிஜென் மெல்ல மங்கும். ஸ்டெயின் போடும் வாரத்தில் வெட்டுவது நல்லது.

7. ஸ்டெயின் போடும் வரிசை

குழுக்களைக் கலந்து போடுங்கள். திங்கள்கிழமை கெரட்டோசிஸ்ட் எல்லாம், செவ்வாய்க்கிழமை டென்டிஜெரஸ் எல்லாம் என்று போட்டால், செவ்வாய்க்கிழமை பஃபரின் பிஹெச் கொஞ்சம் தவறியிருந்தாலும் அது நோய்களுக்கிடையேயான வித்தியாசம்போலத் தெரியும். ஒவ்வொரு சுற்றிலும் எல்லாக் குழுவிலிருந்தும் சில ஸ்லைடுகள் இருக்கட்டும்.

சரி, வரிசை இது. 60 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து பாரஃபினை இளக்குங்கள். சைலீனில் இரண்டு முறை, பிறகு படிப்படியாகக் குறையும் ஆல்கஹால், பிறகு தண்ணீர். மெழுகு மிச்சமிருந்தால் அந்த இடத்தில் ஆன்டிபாடி இறங்காது, ஸ்லைடில் திட்டுத்திட்டாகத் தெரியும்.

அடுத்து ஆன்டிஜென் ரிட்ரீவல். ஃபார்மலின் புரதங்களுக்கு இடையே போட்ட முடிச்சுகளை வெப்பத்தால் தளர்த்துகிறோம். பிஹெச் 6 சிட்ரேட் அல்லது பிஹெச் 9 ட்ரிஸ்-ஈடிடிஏ. ஆன்டிபாடியோடு வரும் தாளில் எது சொல்லியிருக்கிறதோ அது. பிஹெச்சை மீட்டரில் பாருங்கள், போன வாரம் கலக்கியதை நம்பாதீர்கள். பிரஷர் குக்கர் மைக்ரோவேவைவிடச் சீரான வெப்பம் தரும் என்பது என் அனுபவம். முடிந்ததும் குக்கரைத் திறந்து ஸ்லைடைக் குளிர்ந்த தண்ணீரில் போடாதீர்கள், திசு உரிந்துவிடும். அதே பஃபரில் இருபது நிமிடம் ஆறட்டும்.

இதற்குப் பிறகு ஸ்லைடு ஒரு நொடிகூடக் காயக்கூடாது. காய்ந்த விளிம்பில் ஆன்டிபாடி கண்டபடி ஒட்டி பழுப்பாகும். மின்விசிறிக்கு நேர் கீழே ஈரப்பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனவர்கள் உண்டு.

மூன்று விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடு பத்து நிமிடம். சிவப்பணுக்களிலும் வெள்ளணுக்களிலும் இயல்பாக இருக்கும் பெராக்சிடேஸை அடக்க இது. இல்லாவிட்டால் ரத்தம் கசிந்த இடமெல்லாம் பழுப்பாகும். கழுவுங்கள். பிறகு புரதத் தடுப்பு. இதைக் கழுவக்கூடாது, சாய்த்து வடித்தால் போதும். பிறகு கி-67 ஆன்டிபாடி, அறை வெப்பத்தில் 60 நிமிடம். கழுவுங்கள். பாலிமர் (அந்த ஆன்டிபாடியோடு ஒட்டும், பெராக்சிடேஸ் நொதி சுமந்த திரவம்) 30 நிமிடம். கழுவுங்கள். கழுவும் பஃபரில் கெடாமல் இருக்க சோடியம் அசைடு சேர்க்காதீர்கள், பெராக்சிடேஸ் நொதியை அது முடக்கிவிடும்.

டேப் (டிஏபி) என்ற பழுப்பு நிறமி ஐந்து நிமிடம். முதல் டான்சில் ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் பார்த்து நேரத்தை நிர்ணயித்துவிட்டு எல்லா ஸ்லைடுக்கும் அதே நேரம் கொடுங்கள். மங்கலாக இருக்கிறதே என்று ஒன்றை மட்டும் இன்னும் இரண்டு நிமிடம் விட்டால் அந்த ஸ்லைடு ஒப்பிடத் தகுதி இழந்துவிடும். டேப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற ஐயம் உள்ள பொருள். கையுறை போடுங்கள், கழிவைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

கடைசியில் ஹெமடாக்சிலின், லேசாக. அடர்த்தியாகப் போட்டால் வெளிர்பழுப்பு உட்கருக்கள் நீலத்துக்குள் மறைந்துவிடும்.

8. நோயாளியின் ஸ்லைடுக்கு முன் டான்சில்

டான்சிலில் நிணத்திசு உருண்டைகளின் முளைமையம் அடர்ந்த பழுப்பாக இருக்க வேண்டும். அதைச் சுற்றியுள்ள மேன்டில் வளையத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்க வேண்டும். மேற்பரப்பு எபிதீலியத்தில் அடியடுக்குக்குச் சற்று மேலே வரிசையாகத் தெரிய வேண்டும். முளைமையம் மங்கல் என்றால் அந்தச் சுற்று முழுவதும் செல்லாது. மேன்டில் வளையமும் பழுப்பென்றால் அளவுக்கு மீறி ஸ்டெயின் ஏறியிருக்கிறது.

முதல்நிலை ஆன்டிபாடி (இங்கே கி-67) போடாத ஸ்லைடு ஒன்று ஒவ்வொரு சுற்றிலும் இருக்கட்டும். அதில் பழுப்பு தெரிந்தால், தெரிவது கி-67 அல்ல.

டான்சில் நன்றாக இருந்தும் நோயாளியின் திசு வெறுமையாக இருந்தால், அதே ஸ்லைடில் ஓரமாகப் பிடிபட்ட வாய்ச்சவ்வையோ அழற்சிச் செல்களையோ பாருங்கள். அங்கும் ஒன்றுமில்லை என்றால் ஐந்தாம் படியை நினைத்துக்கொள்ளுங்கள்.

9. எண்ணுவது

பழுப்பு ஏறிய உட்கருக்களை மொத்த உட்கருக்களால் வகுத்து நூறால் பெருக்கினால் லேபிளிங் இண்டெக்ஸ். சூத்திரம் இவ்வளவுதான். தகராறு எல்லாம் கீழே உள்ள எண்ணில், அதாவது "மொத்தம்" என்பதில் இருக்கிறது.

கெரட்டோசிஸ்ட்டில் கி-67 ஏறும் செல்களில் பெரும்பகுதி அடியடுக்கில் இருக்காது, அதற்கு நேர் மேலே உள்ள அடுக்குகளில் இருக்கும். டென்டிஜெரஸ் சிஸ்ட்டில் உள்வரியே இரண்டு மூன்று செல் தடிமன்தான், ஏறும் சில செல்களும் பெரும்பாலும் அடியில். கணக்குக்காக ஒரு கற்பனை உதாரணம் சொல்கிறேன். கெரட்டோசிஸ்ட் ஒன்றில் அடியடுக்கில் 200-க்கு 8 செல்கள், மேலே இரண்டு மூன்று அடுக்குகளில் 300-க்கு 60. அடியை மட்டும் எண்ணினால் 4 விழுக்காடு. மேலே மட்டும் என்றால் 20. இரண்டும் சேர்த்தால் 500-க்கு 68, அதாவது 13.6. இன்னும் மேலே தட்டையாகி கெரட்டினாகப் போகும் 300 செல்களையும் மொத்தத்தில் சேர்த்தால் 8.5. ஒரே ஸ்லைடு, நான்கு விடைகள்! இரண்டு ஆய்வுகளின் எண்கள் ஏன் பொருந்தவில்லை என்று குழம்புபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த இடத்தைத்தான்.

என் பழக்கம், அடியடுக்கையும் மேலடுக்குகளையும் தனித்தனிப் பத்தியில் எழுதி, மொத்தத்தை மூன்றாவது பத்தியில் போடுவது. தட்டையான மேற்பரப்புச் செல்களைச் சேர்ப்பதில்லை. நீங்கள் வேறு விதி வைத்துக்கொள்ளலாம், ஆனால் முதல் ஸ்லைடுக்கு முன் எழுதிவைத்து கடைசி வரை மாற்றாமல் இருங்கள்.

அமெலோபிளாஸ்டோமாவில் தீவின் ஓரத்தில் நிற்கும் உயரமான செல்களில்தான் அதிகம் ஏறும், நடுவே உள்ள நட்சத்திர வலை போன்ற செல்களில் குறைவு. இரண்டையும் பிரித்து எண்ணுங்கள். நடுப்பகுதி பெரிதாக உள்ள ஃபாலிகுலர் வகையில் எல்லாவற்றையும் ஒன்றாக எண்ணினால் இண்டெக்ஸ் செயற்கையாகக் குறையும். சென்ட்ரல் ஜயன்ட் செல் கிரானுலோமா சேர்த்திருந்தால், கண்ணைப் பறிக்கும் பெரிய செல்களில் ஒன்றும் இருக்காது. பெருகுவது அவற்றுக்கு இடையே உள்ள ஒற்றை உட்கருச் செல்கள்.

எத்தனை செல்? 400 மடங்கு உருப்பெருக்கத்தில் 1000 செல்கள் என்பது நல்ல இலக்கு, 500-க்குக் கீழே போகாதீர்கள். உண்மையான அளவு 10 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், 100 செல் மட்டும் எண்ணினால் 95 விழுக்காடு நம்பக எல்லை ஏறக்குறைய 4 முதல் 16 வரை விரியும். 500 எண்ணினால் 7.4 முதல் 12.6. 1000 எண்ணினால் 8.1 முதல் 11.9. நூறு செல் எண்ணிவிட்டு "6 விழுக்காட்டைவிட 11 விழுக்காடு அதிகம்" என்று வாதாட முடியாது.

எந்த இடம்? அதிகம் ஏறிய இடத்தைத் தேடி எண்ணுவது ஒரு முறை, ஒரு முனையிலிருந்து வரிசையாக எண்ணிக்கொண்டே போவது இன்னொரு முறை. நீர்க்கட்டி உள்வரிக்கு இரண்டாவது எனக்குப் பிடிக்கும். அதிகம் ஏறிய இடம் என்று கண் போவது பல சமயம் அழற்சி உள்ள இடமாக இருக்கிறது.

எதைச் சேர்க்க வேண்டும் என்பதில் ஐயம் வேண்டாம். உட்கருவில் பழுப்பு இருந்தால், வெளிர் ஆனாலும் அடர் ஆனாலும், சேர்த்தி. சைட்டோபிளாசத்தில் மட்டும் இருந்தால் இல்லை. எபிதீலியத்துக்குள் புகுந்த லிம்போசைட்டுகளும் கி-67 காட்டும், சிறிய வட்டமான உட்கருவை வைத்து விலக்குங்கள். பழைய ரத்தக்கசிவின் ஹீமோசிடரினும் பழுப்புதான். குழப்பம் வந்தால் அடுத்த வெட்டில் பெர்ல்ஸ் ஸ்டெயின் போடுங்கள், இரும்பு நீலமாகும்.

கண்பார்வையில் மதிப்பிட்டு "சுமார் பத்து விழுக்காடு" என்று எழுதாதீர்கள். படம் எடுத்து இமேஜ்ஜே என்ற மென்பொருளில் ஒவ்வொரு செல்லாகப் புள்ளி வைத்து எண்ணுங்கள். எது எண்ணப்பட்டது என்பதற்குச் சாட்சியும் இருக்கும். க்யூபாத் போன்ற மென்பொருள் தானாக எண்ணும், ஆனால் எபிதீலியத்தை நீங்கள் கையால் வரைந்து ஒதுக்கிக் கொடுக்க வேண்டும். விட்டால் கீழே உள்ள அழற்சிச் செல்களையெல்லாம் சேர்த்துக்கொள்ளும்.

10. இரண்டாவது கண்

குறைந்தது இருபது ஸ்லைடுகளையாவது இன்னொருவர் தனியாக எண்ணட்டும். நோயின் பெயரை மறைப்பது நடைமுறையில் முடியாது, கெரட்டோசிஸ்ட் எதில் தெரிந்தாலும் கெரட்டோசிஸ்ட்தான். ஆனால் மறுபடி வந்ததா இல்லையா என்ற தகவலை மறைக்கலாம், மறைத்தே ஆக வேண்டும்.

ஒத்துப்போவதைக் காட்ட பியர்சன் ஒட்டுறவு போதாது. ஒருவர் எப்போதும் மற்றவரைவிட இரண்டு மடங்கு எண்ணினாலும் அது ஒன்றுக்குப் பக்கத்தில் நிற்கும். இன்ட்ராகிளாஸ் ஒட்டுறவும் பிளான்ட்-ஆல்ட்மன் வரைபடமும் போடுங்கள்.

புள்ளியியலில் அலகு நோயாளிதான், செல்லோ ஃபீல்டோ அல்ல. பத்து நோயாளிகளில் ஐந்து ஐந்து ஃபீல்டு எண்ணிவிட்டு ஐம்பது என்று கணக்கில் ஏற்றினால் பி மதிப்பு அழகாக வரும், தேர்வாளர் கையில் கிழிபடும். இண்டெக்ஸ் பெரும்பாலும் ஒரு பக்கம் சாய்ந்த பரவல் என்பதால் இடைநிலை மதிப்பைக் கொடுத்து மேன்-விட்னி, மூன்று குழுவென்றால் க்ரஸ்கல்-வாலிஸ்.

11. வந்த எண்ணைப் படிப்பது

கெரட்டோசிஸ்ட்டின் இண்டெக்ஸ் டென்டிஜெரஸைவிட உயர்ந்து வரும் என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்தது. உங்களுக்கு நேர்மாறாக வந்தால் புதிய கண்டுபிடிப்பு என்று குதிக்காமல் அடியடுக்கை மட்டும் எண்ணினீர்களா, அழற்சியுள்ள டென்டிஜெரஸைச் சேர்த்தீர்களா என்று பாருங்கள்.

அமெலோபிளாஸ்டோமாவில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். எலும்பின் சல்லடை இடுக்குகளுக்குள் ஊடுருவும் கட்டி, சுரண்டி எடுத்தால் அடிக்கடி மறுபடி வரும் கட்டி, ஆனால் இண்டெக்ஸ் பெரும்பாலும் குறைவு. ஓடோன்டோஜெனிக் மிக்சோமாவும் இப்படித்தான். எல்லை இல்லாமல் பரவும், செல்களோ சோம்பலாகப் பிரியும். இவற்றின் மூர்க்கம் பிரியும் வேகத்தில் இல்லை. சுற்றியுள்ள திசுவைக் கரைக்கும் மேட்ரிக்ஸ் நொதிகளிலும், எலும்பைத் தின்னும் ஆஸ்டியோகிளாஸ்ட்டுகளைத் தூண்டும் ஆர்ஏஎன்கே லிகண்ட் போன்ற சமிக்ஞைகளிலும் இருக்கிறது. ஆக, குறைந்த கி-67-ஐப் பார்த்து "மென்மையான கட்டி, சுரண்டினால் போதும்" என்று எழுதினால் நோயாளி திரும்ப வருவார்.

உயர்ந்த எண் உண்மையில் உதவும் இடம் ஒன்று உண்டு. அமெலோபிளாஸ்டோமா என்று நினைத்த திசுவில் இண்டெக்ஸ் எதிர்பாராமல் எகிறினால் எச்-இ-க்குத் திரும்புங்கள். உட்கரு ஒழுங்கின்மை, இயல்பற்ற பிரிதல்கள், திசு அழுகல் இருக்கிறதா? அமெலோபிளாஸ்டிக் கார்சினோமாவாக (புற்றுநோயாக) இருக்கலாம். ஆனால் நோயறிதல் அந்த உருவ மாற்றங்களில்தான், கி-67 அங்கே பார்க்கச் சொல்லிக் கைகாட்டும். மெட்டாஸ்டசைசிங் அமெலோபிளாஸ்டோமா இன்னொரு எல்லை. நுரையீரலுக்குப் போன பிறகும் திசு சாதுவாகவே தெரியும், எண்ணிப் பார்த்து முன்கூட்டிச் சொல்ல முடியாது.

பல கெரட்டோசிஸ்ட்டுகள் ஒரே நோயாளிக்கு இருந்தால் கோர்லின்-கோல்ட்ஸ் என்ற மரபுவழி நோய்க்குறித்தொகுதியை நினையுங்கள். அவற்றைத் தனித்து வரும் கெரட்டோசிஸ்ட்டுகளோடு ஒரே குழுவில் கலக்காதீர்கள். ஒருவரிடமிருந்தே நான்கு பிளாக் எடுத்தால் நான்கு நோயாளிகள் என்றும் எண்ணாதீர்கள்.

12. அறிக்கையில் எழுத வேண்டியது

குளோன் பெயர், ரிட்ரீவல் பஃபரும் பிஹெச்சும், டிகால்சிஃபிகேஷன் நடந்ததா என்பது, எண்ணிய அடுக்கு, எண்ணிய செல்களின் எண்ணிக்கை, இடம் தேர்ந்த முறை. இவை இல்லாமல் "கி-67: 12 விழுக்காடு" என்று மட்டும் இருந்தால் படிப்பவருக்கு அதனால் பயனில்லை.

தாடைக் கட்டிகளுக்கு எல்லோரும் ஏற்ற எல்லை மதிப்பு (கட்-ஆஃப்) எதுவும் கிடையாது. மார்பகத்துக்கோ மூளைக்கோ சொல்லும் எல்லையை இங்கே தூக்கிவராதீர்கள். நோயாளியின் அறிக்கையில் இந்த எண்ணை எழுத நேர்ந்தால் நோயறிதலுக்குக் கீழே, குறிப்பாக எழுதுங்கள். அறுவை மருத்துவர் அவசரத்தில் அறிக்கையின் முதல் வரியைத்தான் படிப்பார். அங்கே எக்ஸ்ரே, சிடி, எச்-இ மூன்றும் சேர்ந்து சொன்ன பெயர் இருக்கட்டும்.

புள்ளி வைத்த படங்களை பிளாக் எண்ணோடு சேமித்துவிட்டு, மிச்சமான டான்சில் பிளாக்கை அடுத்து வரும் ஜூனியரிடம் கொடுத்துவிடுங்கள்.